மூன்று பள்ளிகள், ஒரே ஒன்பதாம் வகுப்பு

பள்ளி ஆய்வாளர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களில் சிலர் போன மாதம் என்னைப் பார்க்க வந்தபோது ஒரு கேள்வி கேட்டீர்கள். "இரண்டு ஊர்ப் பள்ளிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது நல்ல பள்ளி என்று எழுதச் சொல்கிறார்களே, அதை எப்படி எழுதுவது?" அன்றைக்குக் காபி கொடுத்து, ஊர்க்கதை பேசி அனுப்பிவிட்டேன். ஒரு வரியில் சொல்ல எனக்குப் பதில் இல்லை. ஆனால் ஒரு வருஷம் நடந்த கதை ஒன்று இருக்கிறது. அதை எழுதி அனுப்புகிறேன். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

அறுபதுகளின் நடுவில் பழனி மலைப்பகுதிக்கு என்னைத் துணை ஆய்வாளராகப் போட்டார்கள். ஆண்களே மாறுதல் கேட்டுக் கீழே இறங்கிக்கொண்டிருந்த இடம். எனக்கு முன்னால் இருந்தவர் மூட்டுவலி என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். "ஒரு பொம்பளைய மலைக்கு அனுப்புறாங்களே" என்று அலுவலகத்தில் இரண்டு பேர் எனக்காக வருத்தப்பட்டார்கள். நான் ஒரு கம்பளிச் சட்டையும் பெரிய குடையும் வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வந்த முதல் வருஷமே அந்த உத்தரவு வந்தது. என் பகுதியில் எட்டாம் வகுப்பு வரை உள்ள நடுநிலைப் பள்ளிகளில் ஒன்றை மட்டும் உயர்த்தி ஒன்பதாம் வகுப்பு கொடுக்கப்போகிறார்கள். மூன்று பள்ளிகள் கேட்டிருந்தன. மூன்றையும் நேரில் பார்த்து, ஒப்பிட்டு, ஒன்றைப் பரிந்துரைக்க வேண்டும். பள்ளிகளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பாலசமுத்திரத்துப் பக்கம் இருந்ததை அடிவாரப் பள்ளி என்றும், பண்ணைக்காட்டுப் பக்கம் இருந்ததைக் கீழ்மலைப் பள்ளி என்றும், பூம்பாறைக்கும் மேலே நடந்து போக வேண்டியதை மேல்மலைப் பள்ளி என்றும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அடிவாரப் பள்ளிக்குப் போனேன். வெள்ளையடித்த சுவர், பெருக்கிக் கோலம் போட்ட வாசல், ஒரு மூச்சில் எழுந்து நின்று வணக்கம் சொல்லும் வகுப்புகள். தலைமையாசிரியர் இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை போட்டவர். எட்டாம் வகுப்புப் பொதுத்தேர்வில் முந்தின வருஷம் நூற்றுக்கு நூறு தேர்ச்சி. அதைச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்.

"ஒருத்தர்கூடத் தவறலை மேடம்" என்றார். "நீங்க எந்தப் பிள்ளைய வேணும்னாலும் எழுப்பிக் கேளுங்க."

எழுப்பிக் கேட்டேன். எல்லோரும் டக் டக்கென்று பதில் சொன்னார்கள். மகிழ்ச்சியோடுதான் வெளியே வந்தேன். ஒன்றிய சேர்மன் வாசலில் காத்திருந்தார். அவருக்கும் அதே ஊர்தான். "பள்ளிக்கூடத்துக்கு எடம் தயாரா இருக்கும்மா. உங்க கையெழுத்து ஒண்ணுதான் பாக்கி" என்றார். அவர் ஊர்ப்பற்றை நான் குறை சொல்ல மாட்டேன். தன் சொந்த நிலத்தில் ஒரு பகுதியைப் பள்ளிக்கு விட்டவர் அவர்.

அடுத்து கீழ்மலை. காப்பித் தோட்டமும் மிளகும் வாழையும் சூழ்ந்த பள்ளி. அட்டைக்கடி வாங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். கூரை ஒழுகினாலும் பாடம் ஒழுங்காக நடந்தது. அங்கே இருந்த தலைமையாசிரியர் எல்லாவற்றையும் காட்டி முடித்து, ஜீப் ஏறுமிடம் வரை என்னோடு நடந்து வந்தார். வழியில் அவராகவே சொன்னார்:

"நான் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்கம்மா. எங்களுக்கு ஒம்பதாப்பு குடுத்தா கும்புட்டு வாங்கிக்குவோம். ஆனா எங்க பிள்ளைக்கு பஸ் இருக்கு. கீழ எறங்குனா ஹைஸ்கூல் இருக்கு, ஹாஸ்டலும் இருக்கு. மேல பூம்பாறைப் பக்கம் இருக்கவுகளுக்குத்தான் ஒண்ணும் இல்ல. அவுகளப் பாத்துட்டு வந்து எங்களுக்கு எழுதுங்க."

தன் பள்ளிக்காகப் பேச வேண்டிய இடத்தில் அடுத்த பள்ளிக்காகப் பேசிய ஒருவரை என் வேலைக்காலத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை. அவர் சொல்லாவிட்டால் மேல்மலைக்கு நான் அவ்வளவு வெரசாகப் போயிருக்க மாட்டேன்.

போனேன். ஆவணி மாதம். பஸ் பூம்பாறையோடு நின்றுவிட்டது. அதற்கு மேல் படிப்படியாக இறங்கும் பூண்டு வயல்களுக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. எங்கு பார்த்தாலும் ஆட்கள் குனிந்து பூண்டு பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். காற்றே பூண்டாக மணந்தது. ஊருக்குள் நுழைந்து பள்ளியைக் கண்டுபிடித்தேன். கல் சுவர், தகரக் கூரை, கதவில் பூட்டு.

வேலை நாள். நடுப்பகல். பள்ளி பூட்டிக் கிடக்கிறது.

பக்கத்து வயலில் இருந்து ஒரு அம்மாள் தலை நிமிர்ந்து, "யாரத் தேடுறீக? பள்ளிக்கொடம் லீவு. பூண்டு எடுப்பு முடிஞ்சுதான் தொறப்பாக" என்றார், ஊருக்கே தெரிந்த விஷயம்போல. கொஞ்ச நேரத்தில் தலைமையாசிரியர் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார். ஒல்லியான மனிதர். கழுத்தில் மப்ளர்.

"இன்னைக்கு வேலை நாள்தானே சார்? ஏன் பூட்டியிருக்கு?" என்றேன்.

"நான்தாம்மா பூட்டினேன்."

"யார் அனுமதி குடுத்தாங்க?"

"ரெண்டு தடவ எழுதிக் கேட்டேன். பதில் வரலம்மா. பூண்டு பதிலுக்காகக் காத்திருக்காதுங்களே."

எனக்குக் கோபம் வந்தது. அத்தனை தூரம் ஏறி வந்த களைப்பும் சேர்ந்துகொண்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. விளக்கினார்.

"எடுப்பு வந்துட்டா பாதிப் பிள்ளைக வயலுக்குப் போயிரும்மா. வந்த பாதிக்கு நான் பாடத்த நடத்திக்கிட்டே போவேன். சோலி முடிஞ்சு வர்ற பிள்ளைக்கு ஒண்ணும் புரியாது. நாலு நாள் முழிக்கும், அஞ்சாம் நாள் வராது. பொம்பளப் பிள்ளைன்னா அம்புட்டுத்தான், அப்பறம் பள்ளிக்கொடத்துப் பக்கமே தலை வச்சுப் படுக்காது. அதான் எல்லாருக்கும் சேத்துப் பூட்டிட்டேன். ஒருத்தர் முந்தவும் இல்ல, ஒருத்தர் பிந்தவும் இல்ல. ஞாயித்துக்கெழமையிலயும் காலாண்டு லீவுலயும் நடத்தி ஈடுகட்டிருவோம்."

"நான் பாத்தத எழுதணுமே சார்."

"எழுதுங்கம்மா. பூட்டித்தான் கெடந்துச்சு. அத இல்லைன்னு நான் சொல்லப்போறதில்ல."

அவர் மனைவி சுடச்சுட உருளைக்கிழங்கும் சோறும் போட்டார். சாப்பிட்டுவிட்டுக் கீழே இறங்கினேன். அவர் கெஞ்சியிருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும். 'பள்ளி மூடப்பட்டிருந்தது' என்று எழுதிவிட்டுத் தூங்கியிருப்பேன். அவர் கெஞ்சாததுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

செய்தி எனக்கு முன்னால் மலை இறங்கிவிட்டது. சேர்மன் என் அலுவலகத்துக்கே வந்தார். "பூட்டிக் கெடந்த பள்ளிக்கூடத்தயும் எங்க பள்ளிக்கூடத்தயும் ஒரே தராசுல வைப்பீகளாம்மா? பூட்டப் பாத்தீகளா இல்லயா? பாத்தீகன்னா எழுதுங்க. எழுதாட்டி ஏன் எழுதலைன்னு மேல கேட்பாக" என்றார். மிரட்டல் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்தக் காலத்தில் ஒன்றியத்துச் சேர்மன் சொன்னால் மாறுதல் உத்தரவு எவ்வளவு வேகமாக வரும் என்பது எனக்குத் தெரியும்.

என் மேலதிகாரியிடம் போனேன். அதிகம் பேசாதவர். எப்போதும் வாயில் ஒரு கிராம்பு அடக்கியிருப்பார். நடந்ததைச் சொன்னேன். "அவர் ஞாயிற்றுக்கிழமை பள்ளி நடத்துகிறேன் என்கிறார் ஐயா. பூட்டைப் பார்த்த நான் அதையும் பார்த்துவிட்டு எழுதுகிறேனே" என்றேன்.

"எப்ப நடத்துவாரு?"

"ஐப்பசியில் என்கிறார்."

"அறிக்கை எப்ப வரும்னு மேலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க. சேர்மன் இங்கயும் வந்துட்டுப் போயிட்டாரு." கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றினார். "சரி, பாத்துட்டே எழுதுங்க. தாமதம் ஏன்னு கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

'நான் பதில் சொல்லிக்கிறேன்' என்ற அந்த வார்த்தையைச் சொல்லும் அதிகாரி கிடைத்தால் அவரைக் கும்பிட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் அந்த நாற்காலிக்குப் போகும்போது அந்த வார்த்தையை மறக்காதீர்கள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை யாருக்கும் சொல்லாமல் வெள்ளனே கிளம்பினேன். பூம்பாறைக்கு முன்னாலேயே ரோட்டில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டது. டிரைவர், "திரும்பிருங்கம்மா, இந்த மழையில எந்தப் பள்ளிக்கூடம் நடக்கும்?" என்றார். எனக்கும் அதே சந்தேகம்தான். ஆனாலும் குடையை விரித்துக்கொண்டு நடந்தேன். சேலைக் கரை முழங்கால் வரை சேறு. மூடுபனியில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. ஊர் வந்துவிட்டதா என்று தெரியாமல் நின்றபோதுதான் சத்தம் கேட்டது. பிள்ளைகள் ஒரே குரலில் பாட்டுப் பாடம் ஒப்பித்துக்கொண்டிருந்தார்கள்.

பள்ளி கண்ணுக்குத் தெரியும் முன்பே காதுக்குத் தெரிந்துவிட்டது. அந்த இடத்தில் மழையில் நின்று நான் அழுதேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

வாசலில் வரிசையாகச் சாக்குக் கொங்காணிகள் தொங்கின. மழைக்குத் தலையில் மாட்டி வந்த கோணிப்பைகள். உள்ளே எல்லா வகுப்பிலும் பிள்ளைகள். எட்டாம் வகுப்பில் பெண்பிள்ளைகள் ஒரு பெஞ்சு முழுக்க இருந்தார்கள். நான் பார்த்த மற்ற இரண்டு பள்ளிகளிலும் எட்டாம் வகுப்பில் அவ்வளவு பெண்பிள்ளைகள் இல்லை. ஒவ்வொருவராகப் படிக்கச் சொன்னேன். நன்றாகவே படித்தார்கள். ஒரு பையன் மட்டும் ஒவ்வொரு எழுத்தாகத் தடவித் தடவி வாசித்தான். தலைமையாசிரியர் அவனை மறைக்கவில்லை.

"இவன் இந்த வருஷம் தேறமாட்டாம்மா" என்றார். "அடுத்த வருஷம் தேறிருவான்."

"தெரிஞ்சே பரீட்சைக்கு அனுப்புறீங்களா? உங்க தேர்ச்சி கொறயுமே?"

"கொறஞ்சா கொறயட்டும்மா. இங்கயும் வேண்டாம்னுட்டா அவன் எங்க போவான்?"

அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டுதான் மலை இறங்கினேன். அப்படியானால் நூற்றுக்கு நூறு வாங்கிய அடிவாரப் பள்ளியில் தேறாத பிள்ளைகள் எங்கே போனார்கள்? எந்த ஊரிலும் ஒரு பிள்ளைகூடத் தடுமாறாமல் இருக்குமா? அதை ஏன் நான் அங்கே கேட்கவில்லை என்று யோசித்துக்கொண்டே பழனி பஸ் நிலையத்தில் குதிரை வண்டி பிடித்தேன்.

பதில் வண்டியிலேயே இருந்தது. வண்டிக்காரர் பாதி வழியில் திரும்பிப் பார்த்தார். "நீங்க இன்ஸ்பெக்டரம்மாதான? ஒரு வார்த்த கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"எம் மக பழனியம்மா, அடிவாரத்துப் பள்ளிக்கொடத்துலதான் ஏழாப்பு வரைக்கும் படிச்சா. எட்டாப்புக்கு வேணாம், கணக்கு வரலன்னு சர்ட்டிபிகேட்டக் கையில குடுத்து அனுப்பிட்டாக. வேற பள்ளிக்கொடம் எங்க இருக்கு? வீட்லதான் கெடக்கு. வர்ற போற யாத்திரைக்காரவுக பஸ்சுல இருக்க போர்டயெல்லாம் வாசிச்சுக்கிட்டுத் திரியுது. நீங்க ஒரு சொல்லு சொன்னா மறுபடி சேத்துக்க மாட்டாகளா?"

குதிரை அதன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. "கேக்கிறேன்" என்று மட்டும் சொன்னேன்.

அடிவாரத் தலைமையாசிரியரின் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். "சார், உங்ககிட்ட ஆறாம் வகுப்புல சேர்ந்த பிள்ளைங்க எல்லாரும் எட்டாம் வகுப்புக்கு வர்றாங்களா?"

அவர் முகம் மாறியது. ஆனால் மழுப்பவில்லை.

"வர்றதில்ல மேடம். தேறாதுன்னு தெரிஞ்சா ஏழாவதோட அனுப்பிருவோம்." சற்று நிறுத்திச் சொன்னார்: "நூறு வந்ததுக்கு முந்தின வருஷம் நாலு பேர் தவறிட்டாங்க. காரணம் கேட்டு மெமோ வந்துச்சு. உங்க ஆபீஸ்லருந்துதான். நூறு வந்த வருஷம் பாராட்டு வந்துச்சு. அதுவும் உங்க ஆபீஸ்லருந்துதான். எதச் செஞ்சா மெமோ, எதச் செஞ்சா பாராட்டுன்னு நாங்களும் பாடம் படிச்சுக்குவோமில்ல?"

அதிகாரத்தில் இருக்கும்போது ஒருவர் உங்கள் முகத்துக்கு நேரே உண்மை சொன்னால் முதலில் சுருக்கென்று இருக்கும். அந்த நேரத்தில் வாயைத் திறக்காதீர்கள். நான் திறக்கவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். குடித்து முடித்தபோது கோபம் இறங்கியிருந்தது. அவர் சொன்னது சரி என்பதும் தெரிந்திருந்தது.

"குதிரை வண்டிக்காரர் மக பழனியம்மாவைத் திரும்பச் சேத்துக்க முடியுமா?"

"சேத்துக்கலாம். தவறிட்டா?"

"தவறினா காரணம் கேக்க மாட்டேன்."

"எழுதிக் குடுப்பீங்களா?"

அந்த இடத்திலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்தார். சட்டைப் பையில் வைத்தார். பிறகு நான் எதிர்பாராத ஒன்றைச் சொன்னார்: "பழனியம்மா மட்டும் இல்ல மேடம். இன்னும் சில பேரு இருக்காங்க. நானே போய்க் கூப்புடுறேன்." அந்த வாரமே சைக்கிளில் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருக்கிறார். அவரைக் கெட்டவர் என்று நான் எழுதியிருந்தால் ஒரு நல்ல ஆசிரியரை இழந்திருப்போம். எழுதும் முன் கேட்க வைத்தது அந்த வண்டிக்காரர். அவருக்கு நான் எந்த விதத்திலும் நன்றி செலுத்தித் தீர்க்க முடியாது.

அறிக்கை எழுத உட்கார்ந்தேன். மேல்மலைப் பள்ளியைப் பரிந்துரைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். ஆனால் பூட்டை என்ன செய்வது? எழுதினால் அந்த ஒல்லி மனிதரின் வேலைக்கே ஆபத்து. எழுதாவிட்டால் அவரைக் காப்பாற்றலாம். மேசைமுன் வெகுநேரம் பேனாவை மூடித் திறந்துகொண்டிருந்தேன். கடைசியில் முதல் பத்தியிலேயே பூட்டைப் போட்டேன். வேலை நாளில் அனுமதியின்றிப் பள்ளி மூடப்பட்டிருந்தது, நானே கண்டேன். இரண்டாவது பத்தியில் ஞாயிற்றுக்கிழமை. மூன்றாவதில் ஒவ்வொரு பள்ளியிலும் சேர்ந்த பிள்ளைகள் கடைசிவரை இருந்தார்களா என்பது. அடிவாரப் பள்ளி ஏன் அப்படிச் செய்தது, அதில் எங்கள் அலுவலகத்தின் பங்கு என்ன என்பதையும் எழுதினேன்.

மேலதிகாரி படித்தார். "பூட்டி இருந்தத விட்டிருக்கலாமே? பாவம், அந்த ஆளு" என்றார்.

"விட்டிருந்தால் ஞாயிற்றுக்கிழமை திறந்திருந்ததை யார் ஐயா நம்புவார்கள்?"

அவர் கிராம்பை மென்றுகொண்டே என் கையெழுத்துக்குக் கீழே தன் கையெழுத்தைப் போட்டார். ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பதில் வரும்வரை நான் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கோடையில் உத்தரவு வந்தது. மேல்மலைப் பள்ளிக்கு ஒன்பதாம் வகுப்பு. அதே தபாலில் தலைமையாசிரியருக்கு ஒரு கண்டிப்பும் வந்தது: அனுமதியின்றிப் பள்ளியை மூடியதற்காக எச்சரிக்கப்படுகிறார். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. மலைப் பள்ளிகள் இனி அறுவடைக்கு ஏற்ப விடுமுறையை மாற்றிக்கொள்ளலாம், முன்கூட்டி எழுதிக் கேட்டால் போதும்.

மூன்றையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் கண்டிப்பை முதலில் படித்தார். சிரித்தார். "இது நியாயந்தாம்மா" என்று மடித்து வைத்தார். மற்ற இரண்டையும் படித்துவிட்டு வெளியே போய் மலையைப் பார்த்து நின்றுகொண்டார். நான் அவரைத் தனியாக விட்டுவிட்டேன்.

சேர்மன் சில மாதம் என்னோடு பேசவில்லை. அடிவாரப் பள்ளியில் அந்த வருஷம் தேர்ச்சி குறைந்தது. பழனியம்மாள் தவறி, அடுத்த முறை எழுதித் தேறினாள். கொடுத்த வாக்குப்படி யாரும் காரணம் கேட்கவில்லை. பிறகு அந்தப் பள்ளிக்கும் ஒன்பதாம் வகுப்பு கிடைத்தது. அதற்குப் பரிந்துரை எழுதியதும் நான்தான். சேர்மன் மாலையோடு வந்தார்.

மேல்மலையில் ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய நாளுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். ஜூன் மாதச் சாரல். உட்கார பெஞ்சு போதவில்லை என்று கேள்விப்பட்டுக் கீழ்மலைத் தலைமையாசிரியர் தன் பள்ளியிலிருந்து இரண்டு பெஞ்சுகளைக் காய்கறி லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அதில்தான் முதல் வரிசைப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்.

வகுப்பு வாசலில் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தாள். இருபது வயது இருக்கும். கழுத்தில் தாலி. தங்கையைக் கொண்டுவந்து விட்டவள் திரும்பிப் போகாமல் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"இவ பொன்னுத்தாயிம்மா" என்றார் தலைமையாசிரியர். "எங்கிட்ட எட்டாப்புல மொத மார்க்கு வாங்குனவ. அப்ப மேல படிக்க எடம் இல்ல. பூண்டுக் காட்டுக்குப் போயிட்டா."

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "கல்யாணமானவுகளச் சேத்துக்க மாட்டீகளாம்மா? அவுகளே போயிக் கேளுன்னுட்டாக."

'அவுக' கொஞ்சம் தள்ளிக் குடை பிடித்து நின்றுகொண்டு எங்கள் பக்கம் பார்க்காததுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

வயதுக்கு விதி இருந்தது. தாலிக்கு விதி இருந்ததாக எனக்கு நினைவில்லை. தலைமையாசிரியர் என் முகத்தைப் பார்த்தார். ஒரு கண்டிப்பை வாங்கியவர்; இன்னொன்றை அவர் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை.

"சேத்துக்கங்க சார்" என்றேன். "வயசு விலக்குக்கு நான் எழுதுறேன். கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன்."

பொன்னுத்தாயி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். தங்கை வெட்கத்தில் நெளிந்து இடம் விட்டாள். தலைமையாசிரியர் ஒவ்வொரு பெயராகக் கூப்பிட ஆரம்பித்தார். பிள்ளைகள் முணுமுணுவென்று பதில் சொல்லிக்கொண்டு வந்தார்கள். கடைசியில் எழுதிச் சேர்த்த அவள் பெயர் வந்தது.

"உள்ளேன் ஐயா!"

பூண்டு வயலில் அடுத்த படியில் நிற்பவர்களைக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. தகரக் கூரை அதிர்ந்தது. வகுப்பே சிரித்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அவளும் சிரித்தாள். வெளியே குடைக்குக் கீழே நின்றவர் அந்தக் குரலைக் கேட்டபிறகுதான் வயலை நோக்கித் திரும்பி நடந்தார்.